குறுக்குப் பாதையில் ஹெலிகாப்டர்

1963 மார்ச் 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். விமானத் தளத்தில் புது உத்தரவு. பெரிய ஹெலிகாப்டர் இறங்கியதும் இனி சுற்றி வர வேண்டாமாம். புல் வெட்டும் பெண்களின் கொட்டகையை ஒட்டிய குறுக்குப் பாதையில் உருண்டு வருமாம். முன்னால் நின்று இரு கையிலும் மட்டை ஆட்டி அதற்கு வழிகாட்டுகிறவன் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வானத்தில் அது சாது. தரையில்தான் பிசாசு. சக்கரத்தில் உருளுவதால் லாரி மாதிரி நினைக்கிறார்கள். மேலே விசிறி சுற்றிக்கொண்டேதானே இருக்கிறது!

எங்களை மேய்க்கும் மண்டோரிடம் சொன்னேன். "அண்ணே, கொட்டகைத் தகரத்துக்கு ஆணி இல்ல. செங்கல்தான் வச்சிருக்கு."

"அஞ்சு நிமிஷம் மிச்சம்லா. துரை சொல்லிட்டாரு. நீ மட்டைய ஆட்டு, போதும்."

பாதையில் பொறுக்கியது: கந்தல் துணி, ஆணி 2, மத்தி மீன் டின், ஒற்றைச் செருப்பு.

மகளுக்கு இருமல் மருந்து. மறக்கக் கூடாது.

மார்ச் 5, செவ்வாய்

வெயில். பகல் 12.10. ஹெலிகாப்டர் இறங்கிக் குறுக்குப் பாதைக்குத் திரும்பியது. கொட்டகையில் ஐந்து பெண்கள் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பார்த்தேன். மட்டை இரண்டையும் குறுக்கே பிடித்தால் வண்டி நின்றிருக்கும். பின்னால் மண்டோர். "வரச் சொல்லுடா!"

வரச் சொன்னேன்.

காற்றில் செங்கல் சரிந்தது. தகரம் எழும்பி அஞ்சலையக்காவின் வலது கையில் விழுந்தது. இரண்டு விரல் போச்சு. சோற்றில் ரத்தம்.

விமானி இறங்கி முதலில் விசிறியில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தான். அப்புறம்தான் இந்தப் பக்கம் திரும்பினான். தூ.

மார்ச் 6, புதன்

புழுக்கம். ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி என் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தே வைத்திருக்கிறார். நான் எச்சரித்துக் கத்தினேனாம், பெண்கள் நகரவில்லையாம்.

"நான் கத்தலையே."

மண்டோர் சிரித்தார். "கத்தலன்னா தப்பு உன்னோடது. வேலை போயிரும். நாளைக்குள்ள கையெழுத்துப் போடு."

வீட்டில் சொல்லவில்லை. தகரத்தைத் தூக்கிய காற்றைவிட நான் கேவலம்.

மார்ச் 7, வியாழன்

கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு செய்தேன். அதை அக்காவிடம் சொல்லத்தான் வேலைக்குப் போகுமுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சு 4.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா: "நேத்து சாயங்காலம் கிராணி வந்தாரு தம்பி. நீ கத்துன, நான்தான் கேக்கலன்னு சொல்லிட்டேன். இடது கையில ரேகை வச்சாச்சு. உன் புள்ள சின்னதுல்ல?"

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அழுகை அப்புறம்தான்.

ஆபீஸ். மூன்று இடத்தில் கையெழுத்து.

மார்ச் 8, வெள்ளி

வெயில். அறிக்கை மேலே போய் உத்தரவும் வந்துவிட்டது. என்ன வேகம்! பெண்கள் பேச்சுக் கேட்பதில்லை என்பதால் இனி அவர்களுக்குக் கொட்டகை கிடையாது. குறுக்குப் பாதை அப்படியே இருக்கும்.

தகரத்தை இறக்கும் வேலை எனக்கு.

இறக்கி முடிக்கும்போது மணி 12. மீதி நால்வரும் வெட்டவெளியில் முக்காடு போட்டு உட்கார்ந்தார்கள். மாரியாயியக்கா தூக்குச்சட்டியைத் திறந்தாள்.

"தம்பி, சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். அதுவும் பொய்.