ஆற்றுக்குப் போக முடியாத ஞாயிறு

கள்ளக்குறிச்சி
19.9.1987

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் ஞானஸ்நானத்தன்று மணலூர்பேட்டை ஆற்றங்கரையில் நின்று எல்லோரும் கேட்கச் சிரித்தவள், எந்த முகத்தோடு நாளை என் ஞானஸ்நானத்துக்கு அதே ஆற்றில் இறங்குவது?

இருபது வருடம் ஆகிறது. நனைந்த வேட்டியோடு கரையேறி வந்து, "குளிருது, துண்டு குடு" என்றீர்கள். உங்கள் முகத்தில் கோபமே இல்லை.

இடஒதுக்கீட்டு மறியலில் நீங்கள் வெள்ளிமலையில் மாட்டிக்கொண்டீர்கள். இங்கேயும் பஸ் இல்லை. தப்பித்தேன் என்றுதான் இருக்கிறது.

ஞாயிறு மாலை:

காலையில் நடவு வேலைக்குப் போகும் செவ்வந்தி வந்தாள். "ஆத்துக்குப் போவ முடியலன்னா இன்னா டீச்சர்? சர்ச் தொட்டிய நாங்களே ரொப்பிட்டோம்." பெண்கள் விடியலிலிருந்து குடம் குடமாகச் சுமந்திருக்கிறார்கள்.

எனக்குத் தகுதியில்லை என்றேன்.

"அத, தண்ணி தூக்கறதுக்கு முன்னாடி சொல்றதில்ல?" என்றாள்.

நான் இறங்கியதும் தொட்டி வழிந்தது.

இப்படிக்கு,
உங்கள் மனைவி