பிரசங்கம் முடிகிற நேரம்

ஜெசிந்தா,

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சட்னியில் உப்பு கம்மி, போட்டுக்கொள். பூசைக்கு வருவதாக இருந்தால் சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடு.

உன்னைக் கேட்காமல் துறைமுகத்து நைட் ஷிப்ட் வேலையை விட்டது தப்புதான். பத்து நாளாக நீ பேசாதது நியாயம். பகல் தூக்கத்தை விட்டு ஆர்கன் கற்றதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கமாட்டேன். இன்று ஏழரைப் பூசையில் முதன்முறையாகத் தனியாக வாசிக்கிறேன்.

நீ வராத போன ஞாயிறு, ஆர்கன் மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ராத்திரியில் விழித்தே பழகிய உடம்பு; பிரசங்கத்தில் கண் சொக்கி, கை கட்டைகள்மேல் விழுந்துவிட்டது. ஆர்கன் முழங்கியதும், பாட்டு ஆரம்பிக்கிறது என்று கோயில் மொத்தமும் எழுந்து நின்றது. "உட்காருங்க, நான் இன்னும் முடிக்கல" என்றார் சாமியார். என் கனவில் அது கிளிஞ்சல்மேட்டுப் படகின் இன்ஜின் சத்தம். கடல் வெள்ளையாக இருந்தது. முன்னால் நீ உட்கார்ந்திருந்தாய். திரும்பிப் பார்க்கவில்லை.

அமலன்

வந்தால் இடதுபக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்கார். என்னோடு பேச வேண்டாம். பிரசங்கம் முடிகிற நேரத்தில் ஒருதரம் இருமு, போதும். எந்தத் தூக்கத்திலும் உன் இருமல் எனக்குத் தெரியும்.