இரண்டு கிலோவுக்குத் தைத்த சட்டை

பிப்ரவரி 6

அன்புள்ள குருவிக்கு,

நான் பெரியம்மா ஆகப் போகிறேன்! உன் கடிதத்தைப் படித்ததும் மெஷினை அப்படியே நிறுத்திவிட்டு, துணி கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். "தையல்காரிக்கு இன்னைக்குக் கை ஓடாது போல" என்று ஒரு டீச்சர் கேலி செய்தார்.

இனி நான் சொல்வதைக் கேள். வாயைக் கட்டு. அரை வயிறு போதும். பிள்ளை சிறிதாக இருந்தால்தான் பிரசவம் லேசாக இருக்கும். எனக்கு நடந்தது உனக்குத் தெரியும். நாலு கிலோ. வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டான். மாசமாக இருந்தபோது நான் வளைத்துக் கட்டித் தின்றேன். உன் அத்தான் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார். இந்த ஆறு வருஷமாக நான் வயிறு நிறையச் சாப்பிட்டதில்லை.

அம்மா இருந்தால் அவள் சொல்லியிருப்பாள். அவள் இல்லாததால் நான் சொல்கிறேன்.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அக்கா

மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முழுக்க நலம் என்று எழுத முடியவில்லை. பார்சல் ஆபீஸில் என் மேஜைக்குப் பக்கத்தில் பெரிய தராசு இருக்கிறதே, நேற்று சாப்பாட்டு வேளையில் என்னை அதில் ஏற்றிவிட்டார்கள். எங்கள் மேலாளர் எதைக் கண்டாலும் சீல் குத்துவார். அதனால் அவருக்கு சீல் சார் என்றே பெயர். "எந்த ஊருக்கு அனுப்பணும்?" என்று அவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். முள் நின்ற இடத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. கல்யாணத்தன்று இருந்த அதே எடை. இது ஐந்தாம் மாதம், அக்கா.

இன்று ஆஸ்பத்திரி நர்ஸ், உன் டேப் மாதிரியே ஒன்றை வைத்து வயிற்றை அளந்தார். "ஏம்மா, வீட்ல சாப்பாடு போட மாட்டாங்களா?" என்றார். அரை வயிறுதான் சாப்பிடுகிறேன் என்று சொன்னேன். டேப்பைச் சுருட்டி மேஜையில் போட்டார். "உங்க உடம்புக்குப் பதினோரு பன்னெண்டு கிலோவாவது ஏறணும். ஏறலேன்னா குழந்தை எடை குறைஞ்சு பிறக்கும். பால் குடிக்கத் தெம்பு இருக்காது, உடம்புல சூடு தங்காது. சின்னதா இருந்தா லேசுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

யார் என்று நான் சொல்லவில்லை.

நேற்று ஆபீஸ் படிக்கட்டில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கொஞ்சம் சேர்த்துச் சாப்பிடட்டுமா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
குருவி

மே 19

அன்புள்ள குருவிக்கு,

நர்ஸுக்கு என்ன? வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

என் பிள்ளையை நீ சரியாகப் பார்க்கவில்லை. தலை நிறைய முடி. நகம்கூட வளர்ந்திருந்தது. ஒரு குறையும் இல்லை, அழவில்லை, அவ்வளவுதான். அவனைத் துணியில் சுற்றும்போது என் மாமியார், "வாயைக் கட்டியிருந்தா பிள்ளை தங்கியிருக்கும்" என்றார். அத்தான் கதவருகில் நின்று தலையாட்டினார். மெஷின் ஓடும்போதுதான் அந்தப் பேச்சு எனக்குக் கேட்காமல் இருக்கிறது. அதனால்தான் ஓயாமல் தைக்கிறேன்.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். உனக்கும் ஏதாவது ஆகிவிட்டால் நான் யாருக்காக இருக்க வேண்டும்?

உன்னை வளர்த்த,
அக்கா

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடியே இருக்கிறேன். கண் இருட்டுவது நின்றுவிட்டது. நர்ஸும் இப்போது திட்டுவதில்லை. இனி அந்தப் பேச்சு வேண்டாமே, நமக்குப் பேச வேறு விஷயமா இல்லை? நான் நிற்கக்கூடாது என்று சீல் சார் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அதன் முதுகிலும் சீல் குத்தியிருக்கிறார்.

அன்புடன்,
குருவி

செப்டம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

பெண் பிறந்திருக்கிறாள். இரண்டு கிலோ. நீ சொன்ன மாதிரியே லேசான பிரசவம். இருவரும் நலம். அதிகம் எழுத முடியவில்லை.

குருவி

அக்டோபர் 4

என் கண்ணுக்கு,

பார்த்தாயா? நான் சொன்னேன் அல்லவா? என் பிள்ளை வீணாகப் போகவில்லை, உன்னையாவது காப்பாற்றினான். தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். அத்தானிடமும் சொன்னேன். "இந்தப் புத்தி உனக்கு அன்னைக்கே இருந்திருக்கணும்" என்றார். பரவாயில்லை, சொல்லிவிட்டுப் போகட்டும்.

இரண்டு கிலோ பிள்ளைக்குக் கடைச் சட்டை எல்லாம் தொளதொள என்று இருக்கும். அளவு பார்த்து மூன்று தைத்து அனுப்பியிருக்கிறேன். போட்டுவிட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

முத்தங்களுடன்,
பெரியம்மா

நவம்பர் 2

குருவிக்கு,

போட்டோ கிடைத்தது. பக்கத் தையல் இரண்டையும் பிரித்து, அக்குளில் ஒட்டுத் துணி வைத்துத் தைத்திருக்கிறாய். நீலம் நீலத்தோடு சேரவில்லை. அப்படியும் கை முழங்கையோடு நிற்கிறது. பிறந்து ஒரு மாதத்துக்குள் எந்த இரண்டு கிலோ பிள்ளையும் இப்படி வளராது. மெஷின் மிதித்தே பிழைக்கிறவளிடம் இது செல்லும் என்று எப்படி நினைத்தாய்?

உண்மையான எடை என்ன?

அக்கா

நவம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்றரை கிலோ.

மே மாதம் உன் கடிதம் வந்த அன்றே அழுதுகொண்டே வயிறு நிறையச் சாப்பிட்டேன். அதன் பிறகு ஒரு வேளைகூடக் குறைக்கவில்லை. உன்னை எதிர்த்து எழுத எனக்குத் தைரியம் வரவில்லை, பொய் எழுதத்தான் வந்தது. பிறந்ததும் மூன்றரை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். சாப்பிட்டவள் பிள்ளை பிழைத்தது என்றால், உன் பிள்ளை ஏன் போனான் என்று கேட்பாய். என்னிடம் அதற்குப் பதில் இருந்தது, அக்கா. அதற்குத்தான் பயந்தேன்.

அன்று நான் உன் வீட்டில்தான் இருந்தேன். உனக்குக் காலையிலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது. பிள்ளை பெரிசு, தண்ணீர் போனால் உடனே வந்துவிட வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "தலைப்பிரசவம்தானே, நேரமாகும்" என்று அத்தான் வியாபாரத்தை முடித்து, கடையைப் பூட்டிய பிறகுதான் வண்டி பிடித்தார். இது உனக்கும் தெரியும். நாம் இருவரும் இதை ஒரு நாளும் பேசவில்லை.

என்னைத் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

குருவி

நவம்பர் 30

குருவிக்கு,

கோபத்தில்தான் எழுதவில்லை. உன் பொய்யை நம்பி ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். அதைவிட இன்னொன்று என்னைத் தூங்கவிடவில்லை. நீ என் பேச்சைக் கேட்டிருந்தால்? அவள் நிஜமாகவே இரண்டு கிலோவாகப் பிறந்து, பால் குடிக்கத் தெம்பில்லாமல் கிடந்திருந்தால்? உன்னைப் பட்டினி போட்டது நானாக இருந்திருப்பேன்.

நேற்று அத்தான் சாப்பிடும்போது கேட்டேன். "அன்னைக்கு ஏன் கடையைப் பூட்டுற வரைக்கும் வண்டி பிடிக்கல?"

தட்டைப் பார்த்துக்கொண்டே, "இப்ப எதுக்கு அது?" என்றார். வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. நான் என் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டேன். அவர் எழுந்து போய்விட்டார். நான் உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டேன். பழக்கமில்லாத வயிறு, ராத்திரி முழுக்க வலித்தது.

உன் மேல் கோபம் தீரவில்லை. எப்போது தீரும் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. இப்போதைக்கு வரவும் வேண்டாம்.

இத்துடன் என் பிள்ளைக்கு நான் தைத்து வைத்திருந்த சட்டைகள் வருகின்றன. பெரிய பிள்ளை என்று டாக்டர் சொன்னதால் தாராளமாக வெட்டினேன். யாரும் உடுத்தாதவை. ஒட்டுப் போட வேண்டியிருக்காது. அவளுக்குப் போட்டுப் பார்த்து, கை சரியாக இருக்கிறதா என்று ஒரு வரி எழுது. வேறெதுவும் எழுதாதே.

அக்கா