சாம்பல் சாம்ராஜ்யத்தின் வீழ்ச்சி

மார்ச் 3, செவ்வாய்

பத்தொன்பது ஆண்டுகளாக என் பீரோவை ஆண்டுவந்த சாம்பல் சாம்ராஜ்யம் இன்று காலை பத்தேகாலுக்குக் கவிழ்ந்தது. ஏழு சட்டைகள், ஏழும் சாம்பல். எது துவைத்தது, எது துவைக்காதது என்று மோப்பம் பிடித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கவிழ்த்தவள் என் அக்கா மகள் சுண்டு.

அவள் கற்று வந்திருக்கும் தொழில் இது: ஆளை ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, கழுத்தடியில் ஒவ்வொரு நிறத் துணியாகப் போட்டுப் பார்ப்பாள். எந்த நிறம் முகத்தைத் தூக்கிக் காட்டுகிறது, எது அமுக்குகிறது என்று கண்ணாலேயே அளப்பாள். பிறகு, தினமும் உடுத்த ஏற்ற இருபது நிறங்களை விசிறி மாதிரி அட்டையில் கோத்துத் தருவாள்.

அவள் அப்பா, அதாவது என் அத்தான், வாசலில் நின்றபடியே தீர்ப்பு வாசித்துவிட்டார். "ஏப்ரல் முடியறதுக்குள்ள பத்து பேர் உன்கிட்ட வந்து உக்காரணும். உன் மாமன் கணக்குல கிடையாது. இல்லன்னா இந்தத் துணி மூட்டையக் கட்டிட்டு என் ஆபீஸுக்கு வந்துடு."

கணக்கில் வராவிட்டால் என்ன? மனித குலத்தின் நன்மைக்காக நான் போய் உட்கார்ந்தேன்.

"மாமா, தலைக்கு டை அடிக்கிறீங்களா? அடிச்சா முடிய வெள்ளைத் துணியால மூடிட்டுத்தான் பாக்கணும்."

"டையா? நம்ம வம்சத்துல எவனுக்கும் நரைச்சதே கிடையாது. எங்க தாத்தா எண்பது வயசுலயும் காக்கா மாதிரி இருந்தாரு."

தாத்தாவுக்கு முப்பது வயதிலேயே முழு வழுக்கை. பாவம், அவளுக்குத் தெரியாது. நம்பிவிட்டாள்.

அறுபத்திரண்டு துணிகள். கடைசியில், "உங்க கறுப்பு முடிதான் மாமா எல்லாத்தையும் முடிவு பண்ணுது. அதுக்கு ஈடு கொடுக்க அழுத்தமான நிறம் வேணும்" என்றாள். கறுப்பு, சுண்ணாம்பு வெள்ளை, அடர் நீலம், ராணிக் கலர்.

அவள் வேறெதையும் கேட்குமுன் அட்டையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பசி, வேறொன்றுமில்லை.

மார்ச் 4, புதன்

வேலையிடமான ரயில் நிலையத்தில் முழங்கினேன். "அவளுக்கு இருக்கிறது கண்ணே இல்லை, எக்ஸ்ரே. பார்த்தாள், என் எலும்பு என்ன நிறம் என்று சொன்னாள்." ரயில் வருகையை மைக்கில் அறிவிக்கும் அம்மா உட்பட ஒன்பது பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். என் நாக்குக்குச் சிலை வைக்கலாம்.

மார்ச் 9, திங்கள்

ராணிக் கலர் சட்டையில் பணிக்குப் போனேன். நான் நிலையத்தின் விசாரணைக் கவுண்டர்காரன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிவது தலையிலிருந்து நெஞ்சுவரை மட்டுமே. ஒரு நாளைக்கு நாலாயிரம் பேர் பார்க்கும் முகம் இது. (நானூறு. சரி, இருநூறு.)

அவர்களில் ஏழு பேர் கேட்டார்கள்: "உடம்பு சரியில்லையா சார்?"

மார்ச் 10, செவ்வாய்

பதினொன்று. பன்னிரண்டாவது ஆள் ரயில் நேரமே கேட்கவில்லை. கண்ணாடித் துளை வழியாக ஓர் ஆரஞ்சுப் பழத்தை உள்ளே தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தால் என் மனைவி: "ஏங்க, சட்டை மட்டும் தனியா நடந்து வர்ற மாதிரி இருக்கு. உள்ள இருக்கீங்களா?"

மார்ச் 13, வெள்ளி

அறிவிப்பு அம்மா மைக் இல்லாமல் மெதுவாகப் பேசினார். அதுவே கெட்ட சகுனம். "தப்பா எடுத்துக்காதீங்க சார். மாமனையே இப்படி ஆக்கி அனுப்பியிருக்கா. எங்க பேரையெல்லாம் அடிச்சிடுங்க."

ஒன்பதும் போயிற்று.

மார்ச் 15, ஞாயிறு

ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, குளியலறைத் தாழ்ப்பாள், பழைய பல் துலக்கும் பிரஷ், கிண்ணத்தில் கலக்கிய கறுப்பு. தலை, மீசை, புருவம் என்று வரிசையாக. பத்தொன்பது வருட ரகசியம். பேரரசர்களின் முடிசூட்டு விழாகூட இவ்வளவு பக்தியாக நடந்திருக்காது.

பிரஷ் கையில் இருக்கும்போது போன். அக்கா.

"தம்பி, சுண்டு ரெண்டு நாளா அந்த ரூமத் திறக்கல. 'மாமா முகத்தையே தப்பாப் படிச்சிருக்கேன், என் கண்ணுதான் சரியில்ல'ங்கறா. அப்பாகிட்ட ஆபீஸுக்கு வர்றேன்னு சொல்லப் போறாளாம்."

அவ கண்ணுக்கு என்ன கோளாறு? எதிர்ல இருந்ததச் சரியாத்தான் பார்த்தா. எதிர்ல உக்காந்திருந்தது பொய்யி. நாலு நரைக்குப் பயந்து — நாலா? நாலாயிரம் — ஒரு பொண்ணு தன் கண்ணையே சந்தேகப்படற மாதிரி பண்ணிட்டேனே. நானெல்லாம் ஒரு மாமனா?

கிண்ணத்தைக் கொட்டிவிட்டேன். தொட்டி இன்னும் கறுப்பாக இருக்கிறது. மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். தேய்க்க நாரை மட்டும் கொண்டுவந்து கொடுத்தாள்.

மார்ச் 16, திங்கள்

போனேன். சொன்னேன். இதைச் சொல்ல அரை மணி நேரம் வானிலை பற்றிப் பேசினேன்.

சுண்டு சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நான் கேட்டேனே மாமா. நேரா கேட்டேனே." அவ்வளவுதான். அதற்கு நான் வைத்திருந்த பதினாறு நகைச்சுவைகளையும் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு எழுந்துபோய் ஜன்னல் திரையை விலக்கினாள். என் தலையில் வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டினாள், கொஞ்சம் அதிகமாகவே இறுக்கினாள். மீசைக்கும் புருவத்துக்கும் வெள்ளை பிளாஸ்திரி. கண்ணாடியில் தெரிந்தது மருத்துவமனையிலிருந்து தப்பியோடி வந்த மகாராஜா. அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. உயிர் வந்தது எனக்கு.

மறுபடி அறுபத்திரண்டு. ராணிக் கலர் போட்டதும் முகம் சோற்றுக் கஞ்சி ஆயிற்று. செங்கல் நிறத் துணி விழுந்தது. யாரோ உள்ளே விளக்கைப் போட்டமாதிரி! மணல் நிறம், காய்ந்த இலைப் பச்சை, தந்த வெள்ளை — எல்லாம் என்னை எனக்கே அறிமுகப்படுத்தின.

"ஆனா இந்தக் கறுப்பு முடியோட இதெல்லாம் சண்ட போடும் மாமா. டை உங்க இஷ்டம், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மார்ச் 17, செவ்வாய்

அறிவிப்பு அறையில் எல்லாரையும் கூட்டிவைத்து வாக்குமூலம் கொடுத்தேன். "அவள் கேட்டாள். நான் பொய் சொன்னேன். தப்பு அவள் கண்ணில் இல்லை, என் தலையில்."

அறிவிப்பு அம்மா மைக் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "டை விஷயம் எங்களுக்கு எப்பவோ தெரியும் சார். ஒரு நாள் மழையில நனைஞ்சு வந்தீங்களே, காலர் பூரா கறுப்பு. உங்க மனசு நோகக் கூடாதுன்னு யாரும் சொல்லல."

பத்தொன்பது வருட ராஜ ரகசியம்!

"ஆனா அவகிட்டயே பொய் சொல்லி உக்காந்தீங்கன்னு தெரியாது. அது தப்பு சார். சரி, முடிய எடுத்துட்டு வாங்க, அவ சொன்னத உடுத்திட்டு வாங்க. பாத்துட்டுச் சொல்றோம்."

மார்ச் 21, சனி

முடிதிருத்துபவர் இரண்டு முறை கேட்டார், "ஒட்டவா?" என்று. ஒட்ட. மீசையையும்.

மனைவி கதவைத் திறந்து, "யாரு வேணும் உங்களுக்கு?" என்றாள். பிறகு என் தலையைத் தடவிப் பார்த்தாள். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை.

ஏப்ரல் 8, புதன்

செங்கல் நிறச் சட்டை, வெள்ளி முடி. நாள் முழுக்க ஒருவர்கூட உடல்நலம் விசாரிக்கவில்லை. ரயிலை மட்டுமே விசாரித்தார்கள். ஓர் அம்மையார் மட்டும் நேரம் கேட்டு நகர்ந்தவர் திரும்பி வந்து, "லீவுல எங்கயாவது போய்ட்டு வந்தீங்களா சார்? தெளிவா இருக்கீங்க" என்றார். எழுந்து நின்று கும்பிட்டிருப்பேன். நாற்காலி சக்கரம் வைத்தது, உருண்டிருக்கும்.

அறிவிப்பு அம்மா இதைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 11, சனி

அறிவிப்பு அம்மா போய்ச் சுண்டுவிடம் உட்கார்ந்தார். மயில் கழுத்துப் பச்சை அவருக்கு.

ஏப்ரல் 25, சனி

எட்டு. சுண்டுவின் அறைச் சுவரில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வருகிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள். முதல் கேள்வி: முடிக்குச் சாயம் உண்டா? அதற்கு அடியில் இரண்டு கோடு. ஜன்னலோரம் உட்காருபவர்கள் அதற்கு 'மாமா கேள்வி' என்று பெயர் வைத்துவிட்டார்களாம். தலைகுனிய வேண்டிய விஷயம்தான். எனக்கோ கல்வெட்டில் பெயர் ஏறியமாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 30, வியாழன்

ஒன்பது. இன்று கடைசி நாள். பத்தாவது ஆளாக வர ஒத்துக்கொண்டவருக்கு ஊருக்குப் போகும் வேலை வந்துவிட்டது. காலை எட்டரைக்குக் கவுண்டரில் கல்லாக உட்கார்ந்திருந்தேன்.

வரிசையில் அத்தான். எனக்கு முன்னால் வந்து, என்னைத் தெரியாதவர்போல் தொண்டையைக் கனைத்தார்.

"விசாரிக்கணும். அவ ரூம்ல வெளிச்சம் எப்ப நல்லா இருக்கும்?"

"ஒன்பதரையிலிருந்து பதினொண்ணு வரைக்கும் அத்தான். ஆனா நீங்க கணக்குல வருவீங்களா?"

"மாமன் கிடையாதுன்னுதான் சொன்னேன். அப்பன் கிடையாதுன்னு சொன்னேனா?"

போகத் திரும்பியவர் மறுபடி குனிந்தார். வாய் கண்ணாடித் துளையில் முட்டியது.

"அந்த முதல் கேள்வி... ஆமான்னு சொன்னா, அவ அம்மாகிட்ட சொல்லிடுவாளா?"

"மாட்டா. வெள்ளைத் துணியத்தான் எடுப்பா."

அத்தான் தன் கன்னங்கரேல் தலையைத் தடவியபடி வெளிவாசல் பக்கம் வேகமாக நடந்தார்.

அடுத்தவர் ரயில் நேரம் ஏதோ கேட்டார்; என் கண் இன்னும் அத்தானின் தலையிலேயே இருந்தது. இந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து முதல் முறையாக, "இன்னொரு தடவை கேளுங்க" என்றேன்.