நாற்பத்தெட்டு கமராவும் ஒரு கிழமையும்

04.03.2008
கொழும்பு ஒருகொடவத்தை கண்டெய்னர் யார்டுக்கு நாற்பத்தெட்டு கமரா. இரவுபகலாக அவ்வளவையும் பதிய தனிச் சேமிப்புப் பெட்டி வேண்டும், ஒரு டிஸ்க் பழுதானாலும் பதிவு அழியாது, ஒரு மாதப் படம் இருக்கும் என்று விளக்கினேன். யார்ட் முதலாளி ஹியூபேட் போனை நோண்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"சாதாரண கம்பியூட்டர் டிஸ்க் போடுங்க மிஸ். ஒரு கிழமை, ஏழு நாள் படம் இருந்தா போதும்."

வெளியே வந்ததும் எங்கள் மனேஜர் இராஜநாயகம், "அவர் கேக்கிறதைக் குடுத்திட்டு விடும் நேசமலர்" என்றார். பிறகு என்னத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனவர்?

19.03.2008
கமராவெல்லாம் பூட்டி முடிந்தது. அவர் கேட்ட சாதாரண டிஸ்க்குகள் இப்போதே சுடுகின்றன.

29.04.2008
பாக்கியலெட்சுமி என்ற பெண் ஒபிசுக்கு வந்தார். கணவர் ராமையா அந்த யார்டில் மூட்டை ஏற்றுபவர். தெமட்டகொடையில் பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடித்துவிட்டார்கள். இந்த மாதத் தொடக்கத்தில் குண்டு வெடித்த பஸ் தரிப்பில் அன்று காலை அவர் நின்றதாகச் சொல்கிறார்களாம்.

"அன்னிக்குக் காலையில அவரு யார்டுலதாம்மா இருந்தாரு. ஒங்க கமராவுல இருக்கும்ல?"

யார்டுக்கு ஓடினேன். இல்லை. அந்த நாளின் மேல் புதிய படம் திரும்பத் திரும்பப் பதிந்துவிட்டது.

ஹியூபேட் சொன்னார்: "நான் கமரா போட்டது சாமானுக்கு மிஸ். ஆக்களுக்கு இல்லை."

திரும்பி வந்து அந்தப் பெண்ணிடம் படம் இல்லை என்று சொல்லிவிட்டு, லோயரிடம் நானும் கூட வருகிறேன் என்றேன்.

30.04.2008
வெள்ளவத்தை செக்பொயின்டில் இன்றைக்கும் கைப்பையைக் கொட்டிக் காட்டினேன். தமிழரான எங்களைப் பார்க்க எத்தனை கண்! நாங்கள் எங்கே நின்றோம் என்று சொல்ல மட்டும் ஒன்றுமில்லை. சீ.

12.05.2008
பாக்கியலெட்சுமியோடு லோயரிடம் போனேன். நாட்கூலிக்காரருக்கு யார்டில் வருகைப் பதிவு கிடையாது. சாட்சி சொல்ல ஒருவரும் வரமாட்டார்கள், பயம். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் முழுக்க அந்த ஒரு கிழமை மேல்தான்.

17.06.2008
யார்டில் களவு. ஹியூபேட் தானே போன் எடுத்தார். "மிஸ், நீங்க அன்றைக்குச் சொன்ன பெட்டியை நாளைக்கே போடுங்க."

"ராமையாவின்ர மனிசி அழுதுகொண்டு வந்தபோது உங்களுக்கு இது தேவைப்படேல்லையோ?"

"அது வேற கதை."

"இல்லை, அதே கதைதான்." போனை வைத்துவிட்டேன்.

"கஸ்டமரோட இப்பிடியே கதைக்கிறது?" என்று இராஜநாயகம் கத்தினார். ஓம், இப்பிடித்தான் என்றேன்.

24.06.2008
புதுப் பெட்டி. எந்தக் கமராவுக்கு எவ்வளவு இடம் என்று பிரிப்பது என் வேலை. பின்மதில் கமராக்களின் தரத்தைக் கொஞ்சம் குறைத்தேன். மிச்சம் பிடித்த இடத்தைத் தொழிலாளர் வரும் வாசலுக்குக் கொடுத்தேன். அங்கே முகம் தெளிவாகத் தெரியும், மூன்று மாதம் அழியாது. ஹியூபேட்டை நான் கேட்கவில்லை. இராஜநாயகத்திடம் மட்டும் காட்டினேன், சண்டைக்குத் தயாராக. வாசல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இதுக்குப் பொறுப்புக் கையெழுத்தை நான் போடுறன்" என்றார்.

09.08.2008
ராமையாவைப் போன மாதமே விட்டுவிட்டார்களாம். வழக்கே இல்லையாம். அப்படியென்றால் இவ்வளவு நாளும் எதற்கு?

பெட்டியைப் பார்க்க யார்டுக்குப் போனேன். அவர் வேலைக்கு வந்திருந்தார். இடது கை தோளுக்கு மேலே எழவில்லை.

"இந்தக் கமரா எத்தன நாளைக்குப் படத்த வச்சிருக்கும்மா?"

"மூண்டு மாசம்."

தலையாட்டினார். சேர்ட்டின் மேல் பொத்தானைப் போட்டார். வாசல் கமராவுக்கு நேரே போய், தலையை நிமிர்த்தி, அசையாமல் நின்றார். பிறகுதான் உள்ளே போனார்.

ஒவ்வொரு காலையும் இப்படித்தானாம், வாசல் காவலாளி சொன்னார். இப்போது மற்றவர்களும் நிற்கிறார்களாம்.