ஆணி அடிக்கத் தடையில்லாத வீடு

என்னங்க,

சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. சின்ன ஊரில் நாம் வாங்கும் வீட்டைப் பதிவு செய்ய நான் முதல் பஸ்ஸில் போகிறேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் வீடு நமக்கு.

நேற்று, "இந்த வயசுல அங்க போய் என்னத்தப் பண்றது?" என்றீர்கள். "சுவத்துல கடிகாரத்த மாட்டலாம்" என்றேன். சிரித்தீர்களே தவிர, வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஆறு வாடகை வீடு பார்த்துவிட்டோம். ஆறு வீட்டுக்காரர்களும், "ஆணி மட்டும் அடிச்சிராதீங்கம்மா" என்றார்கள். நம் சுவர்க் கடிகாரம் அரிசி டப்பாவில் சாய்ந்தே காலம் தள்ளிவிட்டது.

அடுத்த பஸ் பத்து மணிக்கு. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். மாத்திரையை மறக்க வேண்டாம்.

பின்குறிப்பு: கடிகாரம் என்னிடம். சுத்தியல் உங்கள் பையில். நான் அடித்தால் ஆணி கோணிக்கொள்ளும்.