சூடு என்று சொல்லி இருந்துவிடாதே

அன்பு மகள் பொன்மணிக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. வெம்பக்கோட்டையில் நானும் உன் அப்பாவும் சுகம், ஆடுகளும் சுகம், கறுப்பு ஆட்டுக்கு மட்டும் திமிர் கூடியிருக்கிறது. ஓசூரில் வேலைக்குப் போன இடத்தில் நீ சுகமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதமே. போன் இருக்கும்போது இது எதற்கு என்று சிரிப்பாய். உன் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கிறது என்கிறார், உனக்கு எப்போது லீவு என்று தெருக்காரர்கள் என்னிடமே சொல்கிறார்கள். உனக்கும் ஹாஸ்டல் அறை நிறையப் பெண்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மெதுவாகச் சொன்னாயே, வெள்ளைப்படுகிறது, மீன் வாடை அடிக்கிறது என்று, அதற்குள் அப்பா வந்துவிட்டார். பிறகு கேட்டால், அதெல்லாம் சரியாப் போச்சும்மா, வெறும் சூடும்மா என்கிறாய். பொய் சொல்லும்போது நீ கூடுதலாக ஒரு அம்மா போடுவாய், எனக்குத் தெரியாதா.

என் கதையைக் கேள். தீபாவளி சீசனில் எனக்கும் தயிர்த் திப்பி மாதிரி வெள்ளைப்பட்டது, தாங்க முடியாத அரிப்பு. கம்பெனி வேனில் பக்கத்தில் உட்காரும் பஞ்சம்மாளிடம் சொன்னேன், பட்டாசு மருந்துச் சூடுக்கா, வெந்தயம் ஊறப்போட்டுக் குடிங்க என்றாள். பட்டாசுக் கம்பெனியில் தலைவலி வந்தாலும் மருந்துச் சூடு, மாமியார் ஏசினாலும் மருந்துச் சூடுதான். வெந்தயம், இளநீர், கற்றாழை எல்லாம் உள்ளே போயின, வயிறு குளிர்ந்தது, அரிப்பு அப்படியே இருந்தது. சாயங்காலமானால் கைகாலில் ஒட்டிய பட்டாசு வெள்ளிப் பவுடரைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிப் பழகியவள் அல்லவா, அங்கேயும் அதே போல சோப்பு, புண்ணுக்கு ஊற்றும் கிருமிநாசினி என்று ஊற்றிக் கழுவினேன். மறுநாள் எரிச்சலில் உட்கார முடியாமல் வேனில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனேன், பஞ்சம்மாள் என் இடத்திலும் சேர்த்துக் காலை நீட்டிக்கொண்டாள்.

கடைசியில் சிவகாசியில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். சின்ன வயதுப் பிள்ளை, இம்புட்டு நாளா என்ன செஞ்சீக, சுவரையா கழுவுறீக, வெளிய மட்டும் வெறுந்தண்ணி போதும், உள்ள எதையும் ஊத்தக் கூடாது என்று சிரித்துக்கொண்டே ஏசினார். வாடையும் அரிப்பும் இல்லாமல் தெளிவாகவோ வெள்ளையாகவோ கொஞ்சம் படுவது எல்லாப் பெண்ணுக்கும் உள்ளதாம், மாதத்தில் சில நாள் கூடும் குறையும், அது நோயே இல்லை. நிறமோ வாடையோ மாறினால், அரித்தால், எரிந்தால்தான் காட்ட வேண்டுமாம். எனக்கு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை இருக்கிறது, அதனாலும் இது வருமாம். மருந்தில் அரிப்பு போய்விட்டது, நான் திரும்ப உட்கார்ந்து போகிறேன். சர்க்கரை எனக்கு, சர்க்கரையில்லாத காபி உன் அப்பாவுக்கும் சேர்த்து, மனிதர் மூஞ்சியைப் பார்க்க முடியவில்லை.

மிச்ச மாத்திரையை உனக்குப் பார்சல் போடலாமா என்று கேட்டு அதற்கும் ஏச்சு வாங்கினேன். உனக்கு இருப்பது வேறு, வாடை அடித்தால் அதற்கு மருந்து வேறு, பார்த்துத்தான் கொடுக்க வேண்டுமாம். சுத்தமில்லாததால் வருவது என்று நினைத்து நீயும் கழுவிக் கழுவிக் கெடுத்துக்கொள்ளாதே. அடிவயிறு வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, மாதவிலக்கு இல்லாத நாளில் ரத்தம் பட்டாலோ ஷிப்டைப் பார்க்காமல் அன்றைக்கே போ. கல்யாணமாகாத பிள்ளை எப்படிப் போவது என்று தயங்காதே, பல்வலிக்குப் போகிற மாதிரிதான் இதுவும்.

ஒன்று சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதத்தை அப்பாவிடம் சொல்லி எழுத வைக்காமல் நானே எழுதுகிறேன். டாக்டர் சில கேள்விகள் கேட்பார், என்னிடமும் கேட்டார். அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று எதையும் மறைக்காதே, உள்ளதை உள்ளபடி சொல். அங்கே என்ன சொன்னாய் என்று என் ஆயுசுக்கும் நான் கேட்க மாட்டேன். போனாயா என்று மட்டும்தான் கேட்பேன்.

மாரியம்மன் துணையில் நூறு வயது நன்றாக இரு. வெள்ளிக்கிழமைக்குள் போய்விட்டு, போனில் போனேன் என்று ஒரு வார்த்தை சொல், ஸ்பீக்கரில் என்றாலும் பரவாயில்லை.

எப்போதும் உன் பக்கம் இருக்கும்
அம்மா வேலுத்தாய்